சொகுசு அறைக்காரருக்குக் கரண்டி ஏன் மறுக்கப்பட்டது?

நாகர்கோவிலில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், அமெரிக்காவில் இருக்கும் மகள் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் மனைவியோடு கரீபியன் கடலில் ஒரு வாரம் கப்பலில் சுற்றிவிட்டு வந்தார். சாதாரண கேபின் இல்லை. 'சூட்' என்கிறார்களே, வரவேற்பறையும் படுக்கையறையும் பால்கனியும் சேர்ந்த பெரிய சொகுசு அறை, அது. படம் காட்டுவார் என்று நினைத்துப் போய் உட்கார்ந்தேன். அவர் எடுத்துக் காட்டியது ஒரு நோட்டுப் புத்தகம். இடப்பக்கம், அறையோடு சேர்த்துத் தருவதாகச் சொன்ன சலுகைகள். வலப்பக்கம், உண்மையில் கிடைத்தவை. முப்பது வருடம் பேரேடு பார்த்த கை சும்மா இருக்குமா?

முதலில் ஏறும் உரிமை: கப்பலைக் கழுவிக்கொண்டிருந்ததால் எல்லாரோடும் மூன்று மணி நேரம் காத்திருந்தது. சூட் பயணிகளுக்கான தனி ஓய்வுக்கூடம்: திறந்திருந்தது, ஆனால் பலகாரத் தட்டுகளையும் காப்பி இயந்திரத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள். நீராவி அறை: மூடல். மாலைச் சிற்றுண்டியைத் தட்டில் ஏந்திவந்து பரிமாற வேண்டிய பட்லர், மூடிய பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். பட்டியல் இப்படியே ஒன்றரைப் பக்கம். "அதையெல்லாம்கூட விட்டுவிடலாம் தம்பி. அவ்வளவு பணம் கட்டியவனை, ஒரு கரண்டி சாலட் சொந்தக் கையால் எடுத்துப் போட விடவில்லை" என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். முந்தைய பயணத்தில் அந்தக் கப்பலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியிருக்கிறது. அதனால் இந்தப் பயணம் தொடங்கும்போதே நோய்த்தடுப்பு நடைமுறை அமலில் இருந்தது. ஊழியர்கள் மத்தியில் அதற்குக் 'கோட் ரெட்' என்று பெயர். நியாயம்தானே என்றால், நியாயம்தான், ஆனால் குறைந்ததெல்லாம் சூட்காரர்களுக்குத்தானே அதிகம் குறைந்தது என்கிறார். அவர் கணக்கு சரி. அது ஏன் அப்படி ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சூட் அறைக்கு வாங்கும் கூடுதல் பணத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று சரக்குகள் தெரியும். ஒன்று இடம்: சதுர அடி, சன்னல், பால்கனி, காற்று. இரண்டாவது வரிசையில் முந்துவது: முதலில் ஏறலாம், முதலில் இறங்கலாம், கரைக்குப் போகும் சிறு படகில் முதல் இருக்கை. மூன்றாவது பிறருடைய கை: பட்லர், தனிச் சமையல், தனி உணவகம், பழக்கூடை, ஒரு நாளில் பலமுறை அறைக்குள் வந்து எதையாவது மடித்தும் மாற்றியும் வைத்துவிட்டுப் போகும் ஆள். விளம்பரப் புத்தகத்தில் பளபளக்கும் வரிகளில் பெரும்பங்கு இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. வயிற்று நோய்க் கிருமியும் பெரும்பாலும் கை வழியாகத்தான் போகிறது. நோயைத் தடுக்க வேண்டுமென்றால் கைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தால் விலை உயர்ந்த சலுகைதான் முதலில் வெட்டுப்படும்.

இந்தக் கிருமியின் பெயர் நோரோவைரஸ். 1968இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பரவிய வாந்தி நோயிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. 1972இல் ஆல்பர்ட் கபிகியன் என்ற விஞ்ஞானி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதை அடையாளம் கண்டார். நோயாளியின் கழிவில் இது கோடிக்கணக்கில் இருக்கும். இன்னொருவரைப் படுக்கவைக்கத் தேவைப்படுவது 18 முதல் 100 துகள்கள்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடம்புக்குள் நுழைந்து 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் வெளிப்படும். ஒன்று முதல் மூன்று நாளில் பெரும்பாலானோர் எழுந்துவிடுவார்கள். எழுந்த பிறகும் இரண்டு வாரம்வரை, சில சமயம் அதற்கு மேலும், கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும்.

கொரோனா காலத்துப் பழக்கத்தில் நாம் எல்லாரும் சானிடைசர் புட்டியை நம்பினோம். கொரோனா வைரஸுக்குக் கொழுப்பாலான ஒரு மேலுறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. வெறும் புரத ஓடு. ஆல்கஹால் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. சோப்பு போட்டுத் தேய்த்து ஓடும் நீரில் கழுவி விரட்டுவதுதான் வழி. தரைக்கும் கைப்பிடிக்கும் குளோரின் கரைசல். அக்காலத்தில் எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில், மூக்குவைத்த பாத்திரமான கிண்டியில் தண்ணீர் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர் கைகால் கழுவிவிட்டுத்தான் படியேறுவார். சானிடைசர் நிலையம் வைத்த கப்பல் நிறுவனங்கள் இப்போது உணவுக்கூட வாசலில் கைகழுவும் தொட்டி கட்டுகின்றன. கிண்டிக்குத் திரும்பிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிக்கலாம்.

இனி அந்தக் கரண்டி. பஃபேயில் ஆபத்து உணவில் இருப்பதைவிடக் கரண்டியின் காம்பில் இருப்பது அதிகம். நானூறு பேர் வரிசையில் போனால், அதே காம்பை நானூறு பேர் பிடிக்கிறார்கள். பிடித்த கையால்தான் ரொட்டியைப் பிய்த்து வாயில் போடுகிறார்கள். ஊழியர் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு நின்று எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தால் காம்பைப் பிடிப்பது ஒரே கை. சில நிறுவனங்கள், நோய் பரவினாலும் பரவாவிட்டாலும், பயணத்தின் முதல் 48 மணி நேரம் பயணிகளைக் கரண்டியைத் தொட விடுவதில்லை. யாராவது ஊரிலிருந்தே கிருமியோடு ஏறியிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும் என்பதுதான் அந்தக் கணக்கு.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பரிமாறுவதை நாங்கள் விளம்புவது என்போம். கல்யாணப் பந்தியில் இலை போட்டு, பருப்பும் பப்படமும் சாம்பாரும் புளிசேரியும் பாயசமும் ஒவ்வொன்றாக விளம்பிக்கொண்டு போவார்கள். வாளியும் கரண்டியும் விளம்புகிறவர் கையை விட்டு இறங்காது. சாப்பிடுகிறவர் தொடுவது தன் இலையை மட்டும். இலை ஒருமுறையோடு சரி. சுகாதார அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இப்போது மண்டபங்களில் பஃபே வைத்துத் தட்டோடு நிற்கவைப்பதைத்தான் நாகரிகம் என்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரரிடம், உங்களுக்குக் கரண்டி மறுக்கப்படவில்லை, விளம்பினார்கள் என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கெடுபிடி கப்பல் முதலாளிகளின் மனம்போன போக்கில் வருவதில்லை. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1970களிலிருந்து கப்பல் சுகாதாரத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 13 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றிக்கொண்டு வெளிநாட்டுத் துறைமுகம் தொட்டு அமெரிக்காவுக்கு வரும் கப்பல்கள் அதற்குள் அடங்கும். ஆய்வுக்கு நூறு மதிப்பெண். 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தேறவில்லை என்று அர்த்தம். வயிற்றுநோய் கண்டவர்கள் பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு இரண்டு பேரை எட்டினால் தனி அறிக்கை கொடுக்க வேண்டும். மூன்று பேரை எட்டினால் கப்பலின் பெயர் பொதுப் பட்டியலில் ஏறும். செய்தித்தாளில் பெயர் வருவதை எந்த நிறுவனமும் விரும்பாது. ஆகவே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு விழுக்காட்டில்தான் சூட்காரரின் பழக்கூடை அடிபடுகிறது.

கப்பலென்றாலே நோய்க்கூடம் என்ற எண்ணமும் இந்தப் பட்டியலால்தான் வந்தது. அமெரிக்காவில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு ஒரு விழுக்காடுதான் என்று அதே மையம் சொல்கிறது. கப்பலில் ஒருவர் விடாமல் எண்ணுகிறார்கள், மற்ற இடங்களில் அவ்வளவு கறாராக எண்ணுவதில்லை. கல்யாணத்துக்குப் போய்வந்து மறுநாள் பத்துப் பேர் படுத்தால் நாம் பழியைத் தயிர்மேல் போட்டுவிட்டு ஓமத்தண்ணீர் குடிக்கிறோம். யாரும் கணக்கு வைப்பதில்லை.

இதுவரை சொன்னது தற்காலிக வெட்டு. கிருமி போனதும் கரண்டி பயணியின் கைக்குத் திரும்பிவிடும். ஆனால் நிரந்தரமாகவே மாறிப்போன ஒரு சூட் சலுகை உண்டு. அதன் கதை நோரோவைரஸின் கதையைவிடச் சுவையானது: பால்கனியில் இருக்கும் தனி வெந்நீர்த் தொட்டி.

தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வளரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா, நீர்க்குமிழிகள் உடையும்போது எழும் துளிமூட்டத்தோடு நுரையீரலுக்குள் போய் கடுமையான நிமோனியாவைக் கொண்டுவரும். 1976இல் பிலடெல்பியாவில் 'அமெரிக்கன் லெஜியன்' என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தினர் கூடிய ஓட்டலில் பரவிய நோயிலிருந்து இந்தப் பெயர் வந்தது. 1994இல் ஹொரைசன் என்ற உல்லாசக் கப்பலில் ஐம்பது பயணிகளுக்கு இந்த நோய் வந்தது. பொதுக் குமிழித்தொட்டியின் மணல் வடிகட்டியில் கிருமி இருந்தது. அதன்பிறகு பொதுத் தொட்டிகளுக்குக் குளோரின் அளவு, வடிகட்டி, பதிவேடு என்று விதிகள் இறுகின. சூட் பால்கனியில் இருக்கும் தனித் தொட்டிக்கு விதி அவ்வளவு இறுக்கமாக இல்லை. ஒரு குடும்பம் மட்டும் இறங்கும் தொட்டிதானே என்ற நினைப்பு.

2022 நவம்பருக்கும் 2024 ஜூலைக்கும் இடையில் இரண்டு கப்பல்களில் பயணித்த 12 பேருக்கு லெஜியோனெல்லா நோய் வந்தது. ஆராய்ந்தபோது பால்கனித் தொட்டிகளில் கிருமி கிடைத்தது. பொதுத் தொட்டி நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க, பணக்காரத் தொட்டி ஆளில்லாமல் வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடந்திருக்கிறது. அதன்பிறகு அந்த நிறுவனங்கள் சூடாக்கும் கருவியைக் கழற்றின. பயணி கேட்டால் மட்டும் தொட்டியை நிரப்பி, முடிந்ததும் வடித்துவிட ஏற்பாடு செய்தன. பால்கனியில் எந்நேரமும் ஆவி பறக்கும் தொட்டி என்பது அந்தச் சூட்களின் முகப்படமாகவே இருந்திருக்கும். இப்போது அது கேட்டால் தண்ணீர் விடப்படும் ஒரு பாத்திரம். தனிமைக்குக் கூடுதல் விலை கொடுத்தவருக்குத் தனிமையே வினையானது இந்த விவகாரத்தில் எனக்குப் பிடித்த முரண்.

வகுப்புப் பார்த்து நோயைக் கையாளும் வழக்கம் கப்பலுக்குப் புதிதல்ல. 1892இல் திறந்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடியேறிகளை வரிசையாக நிறுத்திக் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் மூன்றாம் வகுப்பில் வந்தவர்கள். முதல் இரண்டு வகுப்புக்காரர்களை மருத்துவர் கப்பலுக்கே போய்ச் சுருக்கமாகப் பார்த்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு முதல் வகுப்பு டிக்கெட்டின் பெரிய சலுகை இதுதான் என்றுகூடச் சொல்லலாம்: சோதனையிலிருந்து தப்பித்தல். இன்றைய கப்பலில் சூட்காரருக்கும் அடித்தளத்துக் கேபின்காரருக்கும் வாந்தி வந்தால் ஒரே விதி. அறைக்குள் இரு, வெளியே வராதே.

வரிசையில் முந்தும் உரிமையும் இப்படித்தான் கரைகிறது. கன்னியாகுமரி படகுத்துறையில் விவேகானந்தர் பாறைக்குப் போக சாதாரண டிக்கெட் உண்டு, சிறப்புக் கட்டண டிக்கெட்டும் உண்டு. சிறப்பு டிக்கெட்டுக்காரர் முன்னால் போகலாம். ஏறுவது அதே படகுதான். கடல் உள்வாங்கி நீர்மட்டம் தாழ்ந்த காலையில் படகுப் போக்குவரத்து நிறுத்தம் என்று அறிவித்துவிட்டால் இரண்டு வரிசையும் ஒரே வரிசையாகிவிடும். கப்பலைக் கழுவி முடிக்கும்வரை யாரும் ஏற முடியாது என்னும்போது முந்துவதற்கு முன் என்று ஒன்று இல்லை.

குறையாமல் நிற்பது முதல் சரக்கு, இடம். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்தி 3,711 பேரை அடைத்துவைத்தபோது இது வெட்டவெளிச்சமானது. எழுநூறுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்று. உணவகம், அரங்கம், ஓய்வுக்கூடம் எல்லாம் போய், டிக்கெட்டுகளுக்குள் இருந்த வேறுபாடு ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது: சன்னல் இருக்கிறதா? பால்கனி இருந்தவர் வெயில் பார்த்தார். உள்பக்கக் கேபின்காரர்கள் முறைவைத்துச் சற்று நேரம் மேல்தளத்துக்கு அழைத்துப்போகப்பட்டார்கள். அவர்கள் எல்லாருக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்த ஊழியர்களோ, இருவரும் மூவருமாகப் பகிர்ந்துகொள்ளும் கீழ்த்தள அறைகளில் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தக் கப்பலில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊழியர்கள். எங்கள் தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் வாரக்கணக்கில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகக் கிடப்பார்கள். அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் தனிமைப்படுத்தல் என்பது படகின் மறுமுனைக்கு நகர்ந்து படுப்பதுதான்.

ஊழியர் பக்கத்தைக் கேட்க நான் அதிகதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நாகர்கோவிலில் கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போன மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன் விடுமுறையில் வந்திருந்தான். வேறொரு நிறுவனத்தின் கப்பலில் கேபின் ஸ்டூவர்டு, அதாவது பயணிகளின் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவன். கோட் ரெட் என்றதும் முகம் மாறிவிட்டது. "அண்ணே, சலுகை குறைந்தால் வேலையும் குறையும் என்று நினைக்கிறார்கள். அன்றைக்குத்தான் வேலை இரட்டிப்பாகும்" என்றான். ஒவ்வொரு கைப்பிடியையும் சுவிட்சையும் ரிமோட்டையும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். நோயாளியின் அறைத் துணியைத் தனிப்பையில் கட்ட வேண்டும். அந்த அறைக்கு வேறு கையுறை, வேறு துடைப்பம். ஊழியருக்கே நோய் வந்தால், உணவைக் கையாளுகிறவர் அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம் வேலைக்கு வரக்கூடாது. மற்றவர்கள் 24 மணி நேரம். படுத்தவர்களின் அறைகளையும் எழுந்து நிற்பவர்கள்தான் பார்க்க வேண்டும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒரு நாளில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு என்கிறது. மீதி பதினான்கு மணி நேரத்தில் எவ்வளவு துடைக்கலாம் என்பதற்கு அதில் வரம்பு இல்லை.

அவன் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பயணியின் கணக்கிலும் நாளுக்கு இவ்வளவு என்று ஊழியர் அன்பளிப்பு தானாக ஏறும். சூட் அறைக்கு அது சற்று அதிகம். பல கப்பல்களில் பயணி விரும்பினால் கடைசி நாளில் கவுண்டரில் சொல்லி அதை நீக்கிவிடலாம். சலுகை குறைந்த கோபத்தில் பலர் அப்படி நீக்குகிறார்கள். பழக்கூடையை நிறுத்தியது நிறுவனம். துடைத்துக்கொண்டிருந்தவன் பணம் போகிறது.

நிறுவனங்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒன்றை எடுத்துவிட்டு 'உங்கள் நலனுக்காக' என்று அட்டை வைப்பது யாருக்கும் எளிது. பெருந்தொற்றுக்குப் பிறகு சில பெரிய நிறுவனங்கள் சாதாரண கேபின்களை நாளுக்கு இருமுறை சுத்தம் செய்வதை ஒருமுறையாக்கின. சுத்தத்தைக் குறைப்பது எந்த நோய்க்கு மருந்து? நான் வைத்திருக்கும் உரைகல் சாதாரணமானது. நோய்க்காகச் செய்த வெட்டு நோயோடு போய்விட வேண்டும். நோய் போன பிறகும் நீடித்தால் அது சிக்கனம். நீடித்தவற்றில் நல்லதும் இல்லாமலில்லை. முன்பெல்லாம் கிளம்பும் நாளில் ஆபத்துக்காலப் பயிற்சி என்று ஆயிரக்கணக்கானோரை உயிர்காப்புப் படகுகளுக்கு அருகில் நெருக்கி நிறுத்துவார்கள். கூட்டத்தைத் தவிர்க்கப் பல நிறுவனங்கள் அதைக் கைப்பேசியில் படம் பார்த்து, தன் இடத்தில் தலைகாட்டிவிட்டுப் போவதாக மாற்றின. கொரோனா போயும் அது போகவில்லை; யாரும் வருந்தவும் இல்லை.

பணம் திரும்பக் கிடைக்குமா? பயண ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில், சேவைகளும் வசதிகளும் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று பெரும்பாலும் இருக்கும். துறைமுகமே தவறினாலும் அப்படித்தான். பலகாரத் தட்டுக்கு வழக்குப் போட முடியாது. பணிவாகக் கேட்டால் சில சமயம் அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள ஒரு தொகை தருவார்கள். டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியது வேறு. கூடுதல் பணத்தில் எவ்வளவு இடத்துக்கு, எவ்வளவு பிறர் கைக்கு? இரண்டு படுக்கையறை வேண்டும் என்பவருக்கும், முழங்கால் வலியால் பால்கனியிலேயே கடல் பார்க்க நினைப்பவருக்கும் சூட் வீணாகாது. பட்லருக்காகவும் ஓய்வுக்கூடத்துக்காகவும் எடுப்பவர், ஒரு வாந்தியில் அது பாதியாகிவிடும் என்று தெரிந்தே எடுக்க வேண்டும். கிருமி கூடும் குளிர் மாதங்களில் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி முடித்தபோது அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் கடைசி நாளின் பதிவு. ஊழியர் அன்பளிப்பு, நீக்கப்பட்டது, என்று எழுதி எதிரே தொகையை வரவில் வைத்திருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாசலில் பெட்டி வைத்துவிட்டுப் போவானே, அந்தப் பையனின் பெயர் ஞாபகமிருக்கிறது, ஊர் கோவா என்றான், இப்போது அனுப்ப வழி உண்டா என்று கேட்டார். மார்த்தாண்டத்துப் பையன் அடுத்த வாரம் கப்பலேறுகிறான், அவனிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.